மஸாஃபிக்குப் போகாத அங்கி

விதி ஏழு: நவ்ரோஸ் அன்று சூரியன் மறைவதற்குள் அங்கி கிடைக்கப் பெறாத கிளைத் தலைவர், தம் பதவி முடிந்ததாகக் கொள்வார். ஆகவே, அனுப்பும் அதிகாரி எந்தக் காரணத்தை முன்னிட்டும் அங்கியை நிறுத்தி வைக்கக் கூடாது. பெறுபவர்மீது ஐயம் இருப்பின், முதலில் அங்கி போக வேண்டும். ஐயம் அதன் பிறகு, எழுத்தில்.

இந்த விதியை எழுதியவன் நான். 1995-இல் இதை மீறியவனும் நான்.

ஒரு மனிதருக்குச் சேர வேண்டிய அங்கியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் மலைச் சாலையின் ஓரத்தில் தம் ஆட்களோடு காத்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். அவர் வேலையை இழந்தார். நான் என் வேலையில் மேலும் மூன்றாண்டுகள் இருந்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

அங்கியாவது, பதவியாவது, எந்தக் காலத்துக் கதை இது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்! துபாயில், தொலைநகல் இயந்திரத்துக்கும் தேநீர்க் குடுவைக்கும் நடுவே என் மேசையில் நடந்த கதை.

எங்கள் முதலாளியை எல்லாரும் அர்பாப் என்றே அழைத்தோம். அவருடைய பாட்டனார் பாரசீகக் கரையிலிருந்து பாய்மரப் படகில் வந்தவர். நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயின்ட் ஏற்றி அனுப்புவது எங்கள் தொழில். ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா, புஜைரா என நான்கு கிளைகள். அர்பாப்பின் அறையில் கணக்குப் புத்தகங்களைவிடப் பாரசீக வரலாற்று நூல்கள் அதிகம். வெறுமனே படிப்பதோடு அவர் நிற்கவில்லை. படித்தபடி நடக்கவும் செய்தார்!

முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்து ஷாக்கள் தங்கள் மாகாணங்களை ஆண்ட முறைகளில் ஒன்று இது. வசந்த காலத்துப் புத்தாண்டான நவ்ரோஸ் சமயத்தில், அரசவையிலிருந்து ஆளுநர்களுக்கு அங்கிகள் புறப்படும். கில்அத் என்று பெயர். ஆளுநர் தம் மாளிகையில் உட்கார்ந்தபடி அதை வாங்கக் கூடாது. ஊருக்கு வெளியே, அதற்கென்றே குறித்த இடத்துக்கு ஆட்களோடு போய்க் காத்திருக்க வேண்டும். தூதன் வந்ததும் வணங்கி, அங்கேயே அணிந்துகொண்டு, எல்லாரும் பார்க்க நகருக்குள் திரும்ப வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்: இன்னும் ஓராண்டுக்கு இவர்தான். அங்கி வரவில்லையென்றால்... அதுவும் புரிந்துவிடும்.

ஓர் ஆணை, ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. மூன்றையும் சேர்த்து ஒரு துணியில் தைத்துவிட்டார்கள். சென்னையில் பதினெட்டு ஆண்டுகள் அரசுப் பிரிவு ஒன்றில் கோப்பு தள்ளியவன் நான். வரலாற்றில் முதுகலை படித்தவன். இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ஆனால் அர்பாப் அதை ஒழுங்கில்லாமல் நடத்தினார். ஓர் ஆண்டு மறந்துபோவார், ஓர் ஆண்டு அளவு தவறும். நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் அதற்குப் பதினான்கு விதிகள் எழுதி, தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கினேன். நவ்ரோஸ் நாளான மார்ச் 21 அன்று தலைமை அலுவலக வண்டி புறப்படும். ஒவ்வொரு கிளைத் தலைவரும் ஊருக்கு வெளியே குறித்த இடத்தில் வந்து நிற்பார். அஜ்மான்காரருக்கு ஒரு ரவுண்டானா. புஜைராக்காரருக்கு மலைக்கு நடுவே மஸாஃபி, பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே. அர்பாப் மகிழ்ந்துபோய் எனக்கு ‘மீர்ஸா’ என்று பட்டம் கொடுத்தார். ஷாக்களின் எழுத்தர்களுக்குரிய பட்டம். சிரிக்காதீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்த பட்டம் இனிக்கத்தான் செய்தது.

அங்கிகளில் தரம் உண்டு. இதைக் கவனமாகக் கேளுங்கள், என் குற்றம் இதில்தான் தொங்குகிறது. கிளைத் தலைவர்களுக்குப் பழுப்பு நிற மெல்லிய கம்பளி, ஓரத்தில் சரிகை கிடையாது. தலைமை அலுவலகத்தில் எனக்கு மட்டும் கறுப்புத் துணி, இரண்டு விரல் அகலத்துக்குத் தங்கச் சரிகை. ஷாக்களின் காலத்தில் அங்கியைப் பெற்ற ஆளுநர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? துணியைத் தடவிப் பார்ப்பார். உள்துணி என்ன, பொத்தான் என்ன, சென்ற ஆண்டைவிட மட்டமா, பக்கத்து மாகாணத்துக்காரனுக்கு என்ன போயிற்று... நஞ்சு தடவிய அங்கிகளைப் பற்றிக்கூடக் கதைகள் உண்டு. அர்பாப் அவற்றை நம்பியதில்லை. நான் நம்பினேன்.

புஜைராக் கிளைக்கு நூர்தீன் தலைவர். கீழக்கரைக்காரர். கப்பலின் கயிற்று ஏணியில் ஏறிக் காய்கறிக் கூடை கொடுப்பவராகத் தொடங்கி, பதினோர் ஆண்டுகளில் கிளையைப் பிடித்தவர். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். ஆட்களெல்லாம் அவரைக் காக்கா என்பார்கள்; கீழக்கரைப் பேச்சில் அண்ணன். துபாய்க்கு வரும்போதெல்லாம் என் மேசையின் ஓரத்தில் கையூன்றி நிற்பார்.

“சார், ஒங்க விதிப் புஸ்தகத்துல தும்முறதுக்கு ஏதும் விதி இருக்கா?”

“இன்னும் இல்லை.”

“போட்டுருங்க சார். நாளைக்கு நான் தும்மிட்டு மெமோ வாங்கக் கூடாது பாருங்க!”

அறை முழுவதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவரை நான் வெறுத்தேனா? இல்லை. வெறுத்திருந்தால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். நான் அவரைச் சந்தேகித்தேன். அவ்வளவுதான்.

1995-இன் தொடக்கத்தில் மூன்று அடையாளங்கள் கண்ணில் பட்டன.

அர்பாப் நூர்தீனை அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது நிமிடம் பேசினார். எட்டு ஆண்டுகளில் என்னை வெளியே வைத்துச் சாத்தப்பட்ட முதல் கதவு அது.

அடுத்த வாரம், எங்கள் வண்டி ஓட்டுநர் முருகேசன் பேச்சுவாக்கில் சொன்னான். “காக்கா அஜ்மான்ல ரெண்டு ரூம் வீடு வாடகை என்னாகும்னு கேட்டாரு சார். அங்கிட்டிருந்து துபாய் வந்து போக எவ்வளவு நேரமாகும்னும் கேட்டாரு.” புஜைராவில் வேலை பார்ப்பவருக்கு அஜ்மானில் வீடு எதற்கு? துபாய்க்குத் தினம் வந்துபோகிற கணக்கு எதற்கு?

மூன்றாவது, அங்கி. நவ்ரோஸுக்கு ஐந்து நாள் முன்பு தையற்கடையிலிருந்து பெட்டிகள் வந்தன. விதி நான்கின்படி நான் ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்த்தேன். மூன்று பழுப்பு. நான்காவது, நூர்தீனின் பெயர் எழுதியது... கறுப்பு. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தங்கச் சரிகை!

என் அங்கி! என் தரம்! நான் அந்தச் சரிகையை அளவுகோல் வைத்து அளந்தேன். ஆம், அளந்தேன். ஒரு நூல்கூடக் குறையவில்லை.

சாத்திய கதவு, அஜ்மான் வீடு, தங்க ஓரம். மூன்றையும் ஒரு நூலில் கோத்தால் என்ன வருகிறது? நீங்கள் சொல்லுங்கள். என் நாற்காலி வருகிறது. இந்த முறை மஸாஃபி சாலையில் நூர்தீன் அணியப்போவது புஜைராவின் அங்கியாக இருக்காது, மீர்ஸாவின் அங்கியாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். அர்பாப்பிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவர் கண் அறுவை சிகிச்சைக்காக பம்பாய் போயிருந்தார். போகும்போது, “சப் ஆப்கே ஹாத் மே(ங்) ஹை, மீர்ஸா” என்று எல்லாவற்றையும் என் கையில் விட்டுப் போனார். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் விடை கிடைத்துவிடும்... சந்தேகிப்பவன் விடையை விரும்புவதில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் முருகேசன் மூன்று பெட்டிகளோடு போய், ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் ராஸ் அல் கைமாவிலும் கொடுத்துவிட்டு, ஒரு மணிக்குத் திரும்பினான். புஜைரா எப்போதும் பிற்பகல் பயணம்.

இதற்கிடையில், நண்பகலில், புஜைராவிலிருந்து அன்றாடத் தபால் பை வந்தது. அதில் ஒரு விண்ணப்பம். மனைவியையும் மகளையும் அழைத்துவர நூர்தீன் கேட்ட குடும்ப விசா. மேலே குண்டூசியால் குத்திய ஒரு புகைப்படம். தலையில் முக்காடிட்ட பெண்; பக்கத்தில் முன்பல் விழுந்த ஏழெட்டு வயதுச் சிறுமி. கூடவே ஒரு சீட்டு: “அர்பாப்பிடம் பேசிட்டேன் சார். அங்கி வந்த மறுநாள் அவங்களுக்காக நீங்களே கையெழுத்துப் போடலாம்னாங்க. பிள்ளைக்கு அஜ்மான்ல ஸ்கூல் பார்த்துட்டேன். நான் வெள்ளிக்கு வெள்ளி போய்ப் பார்த்துக்கிடுவேன். துபாய்ல பெரிய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்காரியைக் காட்டணும். நீங்க கொஞ்சம் சீக்கிரமாத் தள்ளி விடணும்.”

படித்தீர்கள் அல்லவா? நானும் படித்தேன். சாத்திய கதவுக்கு விடை அதில் இருந்தது. அஜ்மான் வீட்டுக்கு விடை இருந்தது. துபாய்க்குப் போய்வரும் கணக்குக்கும் இருந்தது. திருமணமாகிப் பத்தாண்டுகளில் மனைவியோடு இருந்தது விடுமுறை மாதங்கள் மட்டும் என்று அவரே ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்த ஓர் அங்கி போய்ச் சேர்ந்தால் குடும்பம் வரும். சேராவிட்டால் வராது. மணி பன்னிரண்டேகால். இருட்டுவதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

மூன்று அடையாளங்களில் இரண்டு உதிர்ந்துவிட்டன. ஆனால் சரிகை? சரிகைக்கு விடை இல்லையே! விண்ணப்பம் ஒரு திரையாக இருக்கலாமே? குடும்பத்தை அழைப்பவன் பெரிய பதவியை எதிர்பார்த்துத்தானே அழைப்பான்?... பார்த்தீர்களா, மூளை படித்ததாக இருந்தால் எவ்வளவு வசதி!

ஒன்றரை மணிக்கு முருகேசன் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

“சார், புஜைராப் பொட்டிய எடுக்கட்டுமா? மலை ரோடு, ரெண்டு மணி நேரமாகும்.”

“வேண்டாம். வண்டியைக் கழுவப் போடு.”

“காக்கா மஸாஃபில வந்து நிப்பாரே சார்?”

“நிற்கட்டும்.”

“அப்பறம்...?”

“மேலே இருந்து உத்தரவு வரவில்லை.”

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். சிவகங்கைப் பக்கத்துக்காரன், எதிர்த்துப் பேசத் தெரிந்தவன்தான். ஆனால் அவனுடைய கடவுச்சீட்டும் என் பெட்டகத்தில்தான் இருந்தது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

நான் நான்காவது பெட்டியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நான்கு மணிக்குத் தொலைபேசி. மஸாஃபியில் ஒரு மலையாளியின் மளிகைக் கடையிலிருந்து நூர்தீன் பேசினார். பின்னால் ஆட்களின் கும்மாளம் கேட்டது. கிளையின் ஏழு பேரும் நல்ல சட்டை போட்டு வந்திருப்பார்கள், வழக்கம் அது.

“சார், நூர்தீன். வண்டி கெளம்பிருச்சா? வழியில பஞ்சர் கிஞ்சர் ஆயிருச்சா?”

பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது: “காக்கா, அங்கிக்கு இன்னும் துணியே ஆகலையாம்! கம்பளி ஆட்டு மேலயே மேஞ்சுக்கிட்டிருக்காம்!”

“சும்மா இருங்கடா... சார், இவனுவ பேச்சைக் கேட்டியளா?”

நான் சொன்னேன்: “கோப்பில் இருக்கிறது. பார்த்துச் சொல்கிறேன்.”

“பாருங்க சார், பாருங்க. நாங்க நிக்கிறோம்.”

அப்போதும் நேரம் இருந்தது. முருகேசன் கீழேதான் இருந்தான். இரண்டு மணி நேரம். ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சூரியன் அதற்குப் பிறகே மறையும். இந்தக் கணக்கை நான் அன்றே போட்டேன், பின்னாளில் போட்டதல்ல. ஒரு தாளில் பென்சிலால் எழுதிக்கூடப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன்.

ஆறு மணிக்கு மறுபடியும் மணி அடித்தது. இந்த முறை பின்னால் சத்தமே இல்லை.

“சார்... நான் எதும் தப்புப் பண்ணிட்டேனா?”

“பார்த்துச் சொல்கிறேன் என்றேனே.”

“இல்ல சார். ஆளுவ முன்னாடி நிக்கிறேன். பொழுது அடைஞ்சு மஃரிபு ஆகப் போவுது. இல்லேண்டா இல்லேண்டு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் இவங்களைக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

ஒரு வார்த்தை. ‘வண்டி பழுது, நாளை வரும், கவலை வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால்கூட விதியை வளைத்து அவரைக் காப்பாற்றியிருக்கலாம். விதியை எழுதியவனுக்கு வளைக்கத் தெரியாதா!

“பார்த்துச் சொல்கிறேன்,” என்றேன். வைத்துவிட்டேன். குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை காய்கறி வண்டியில் ஓர் உறை வந்தது. கிடங்குச் சாவி, பிக்கப் சாவி, இருப்புப் பதிவேடு. மேலே ஒரு பட்டியல், நூர்தீனின் கையெழுத்து. அங்கி வராத ஆளுநர் உத்தரவுக்குக் காத்திருக்க மாட்டார். கேள்வி கேட்கவும் மாட்டார். அர்பாப் அந்தக் கதைகளை எங்கள் எல்லாருக்கும் எத்தனை முறை சொல்லியிருப்பார்! நூர்தீன் நன்றாகக் கேட்டிருந்தார்.

நான்காம் நாள் கடவுச்சீட்டுக்கு வந்தார். விசா ரத்துப் படிவத்தைத் தயாராக வைத்திருந்தேன்; அந்த விஷயத்தில் என்னிடம் தாமதமே கிடையாது. நிற்காமல் உட்கார்ந்தார். காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

“வேற எடத்துல சேர ஆட்சேபணை இல்லேண்டு ஒரு லெட்டர் குடுப்பாங்களே சார்...”

“அர்பாப் வரட்டும்.”

“அவங்க வர்றதுக்குள்ள நான் ஊரு போயிருப்பேனே சார்.”

நான் கோப்பைப் புரட்டினேன். அவர் எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

“அந்த ஃபாரத்துல ஒரு போட்டோ இருக்கும். அதை மட்டும் குடுத்துருங்க.”

குண்டூசியை உருவி, புகைப்படத்தைக் கொடுத்தேன். சிறுமியின் நெற்றிக்கு மேலே இரண்டு சிறு துளைகள். அவர் அதைச் சட்டையில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். “வர்றேன் சார்” என்றார். வருகிறேன் என்றுதான் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விடுமுறை நாளின் பிற்பகலில், ஆளில்லாத அலுவலகத்தில் அந்தக் கறுப்பு அங்கியை எடுத்து அணிந்து பார்த்தேன். ஏன்? இன்றுவரை விடை தெரியவில்லை. ஒரு சாண் நீளம் அதிகமாக இருந்தது, தரையில் புரண்டது. அந்த ஒரு சாண் துணி எனக்கு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. நான் சரிகையை மட்டுமே பார்த்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அர்பாப் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். மேசைமேல் இருந்த சாவிகளைத் தடவிப் பார்த்தார். நூர்தீன் எங்கே என்று கேட்டார்.

“நூர்தீன் கஹா(ங்) ஹை?”

“தானாகவே சாவியை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.”

“அங்கியை வாங்காமலா?”

“வாங்காமல்தான்.”

கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை! நீதிமன்றத்தில் வைத்தாலும் நிற்கும். பதினெட்டு ஆண்டு அரசுப் பணி ஒருவனுக்குக் கற்றுத் தருவது இதைத்தான்: உண்மைகளை மட்டும் அடுக்கி ஒரு பொய்யைக் கட்டுவது.

ஷாக்களின் உலகத்தில் அங்கியை வாங்க மறுப்பது கலகம். அர்பாப் சாவிகளைத் தள்ளி வைத்தார். பிறகு “பாகி” என்றார். கலகக்காரன். “கலாஸ்”, முடிந்தது, என்று கையை உதறினார். ஆட்சேபணை இல்லாக் கடிதம் கேட்டு வந்தால் கொடுக்க வேண்டாம் என்றார். சரி என்று குறித்துக்கொண்டேன். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

கோடை தொடங்கியபோது, துபாயின் தேராப் பகுதியில் இருந்த தையற்கடைக்குப் போனேன். கிழட்டு ஈரானித் தையற்காரர். எங்கள் அங்கிகளையெல்லாம் தைப்பவர் அவர்தான். வேறு ஏதோ வேலையாகப் போனவன், போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன்: புஜைராக்காரருக்கு இந்த ஆண்டு ஏன் கறுப்பும் சரிகையும்?

அவர் சிரித்தபடி கிழிந்த இந்தியில் சொன்னார். “பழுப்புத் துணி மாஃபி, இல்லை! மூன்று பேருக்குச் சரியாக இருந்தது. அந்த நெட்டையனுக்கு எட்டவில்லை. கறுப்பில் உங்களுக்குத் தைத்தது போக நீளமாக ஒரு துண்டு மிச்சம். ஓரத்தில் சரிகை போட்டு வைத்திருந்தேன். பிரிப்பானேன் என்று அப்படியே தைத்தேன். அர்பாப்பைக் கேட்டேன், ‘பரவாயில்லை, மீர்ஸாவிடம் மட்டும் சொல்லிவிடு’ என்றார். சொல்லவில்லையா நான்? மறந்துவிட்டேன் போலிருக்கிறது, பாய்.”

துணி பற்றவில்லை. அவ்வளவுதான்! ஓர் உயரமான மனிதருக்குத் துணி பற்றவில்லை!

அன்றே அர்பாப்பிடம் போயிருக்க வேண்டும். போனேனா? இல்லை. நூர்தீன் ஊரில் இருந்தார். திரும்ப அழைத்திருக்கலாம். ஆனால் அழைத்தால் ‘ஏன்’ என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் அலமாரியைத் திறக்க வேண்டும்... பெட்டி அங்கேயே இருந்தது. புஜைராவுக்கு வேறொருவரை அமர்த்தினோம். அடுத்த நவ்ரோஸில் அவர் மஸாஃபியில் நின்று, பழுப்பு அங்கியை வாங்கிக்கொண்டார். அவர் குள்ளம்.

மறு ஆண்டு குவைத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பாசியாவில் ஒரு சிறு மளிகைக் கடையில் நூர்தீன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஒரே அறையில் ஆறு பேர். அந்த வேலைக்குக் குடும்ப விசா கிடையாது. கடிதம் சிறியது. “என் மேல என்ன குத்தம்னு ஒரே ஒரு வரி எழுதுங்க சார். வேலைக்காகக் கேக்கலை. மக கேக்குறா, துபாய் போறம்னு சொன்னியளே வாப்பா, ஏன் போகலைன்னு. அவளுக்குச் சொல்ல ஒரு வரி வேணும்.”

அதற்கு ஒரு கோப்பு எண் கொடுத்தேன். ‘பார்வைக்கு’ என்று மேலே எழுதி, உள்ளே வைத்தேன். இரண்டாண்டுகள் இருந்தது.

அதற்குள் அர்பாப் இறந்தார். யாரிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டுமோ அவர் போய்விட்டார் என்றதும் எனக்கு முதலில் வந்தது துக்கமா, நிம்மதியா? நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவருடைய மகன்களுக்கு அங்கிகளில் ஆர்வமில்லை. நான் ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

அந்தக் கறுப்பு அங்கியை விட்டுவிட்டு வர முடியவில்லை. எடுத்துவந்தேன். திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, சரிகையைத் தூக்கிப் பார்த்தார். “என்ன சார், ஷேக் ஆயிட்டீங்களா?” என்றார். “தனிப்பட்ட உடைமை” என்றேன். அதுவும் பொய்.

வீட்டில் உட்கார்ந்து, நூர்தீனுக்கு எழுதத் தொடங்கினேன். முதல் வரைவு, ‘பார்வை: தங்கள் கடிதம்’ என்று ஆரம்பித்தது. கிழித்தேன். இரண்டாவதில் தையற்காரர்மீது பாதிப் பழி போயிற்று. கிழித்தேன். மூன்றாவதில் எல்லாவற்றையும் எழுதினேன். பென்சில் கணக்கையும், நான் அணிந்து பார்த்ததையும்கூட. உங்கள்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று தனி வரியாக எழுதினேன், மகளிடம் காட்டுவதற்கு. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது.

பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம். மூன்று மாதம். அட்டையில் இருந்தது அவர் கையெழுத்துத்தானா என்று பழைய சாவிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அறையில் ஆறு பேரும் என் கடிதத்தை உரக்கப் படித்துச் சிரிப்பார்களோ? என்மேல் வழக்குப் போடுவாரோ? அவர் என்னிடம் எதையாவது மறைக்கிறாரோ!... ஆம், அப்போதும் நான் அவரைத்தான் சந்தேகித்தேன். மனிதன் திருந்துவான் என்று யார் சொன்னது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொலைபேசியில் அறிமுகமில்லாத குரல்.

“சார், நான் அப்பாசியாவுலேர்ந்து லீவுல வந்திருக்கேன். நூர்தீன் காக்கா ஒங்களுக்கு ஒரு கவர் குடுத்து விட்டாங்க. மெட்ராஸ்லேர்ந்து ராம்நாடு பஸ்ல வர்றேன். ஒங்க வீட்டுக்கெல்லாம் வர நேரமிருக்காது. நாலு மணி வாக்குல திருச்சி பைபாஸ்ல நின்னியள்னா கையில குடுத்துட்டுப் போயிருவேன்.”

மூன்று மணிக்கே போய் நின்றேன். ஊருக்கு வெளியே, புறவழிச் சாலையில், ஒரு தேநீர்க் கடைக்கு எதிரே. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மடித்த அங்கி. வருகிறவரிடமே கொடுத்தனுப்பிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

நான்கு மணிக்குப் பேருந்து வரவில்லை. ஐந்துக்கும் இல்லை. ஆறு மணிக்குத் தேநீர்க் கடைக்காரர், “யாரும் வரணுமா பெரியவரே? சொன்னா நானும் பாத்துக்குறேன்ல” என்றார். ஒன்றுமில்லை என்றேன். வாகனங்கள் போய்க்கொண்டே இருந்தன. வயல்களுக்கு அப்பால் சூரியன் இறங்கியது. நான் நின்றுகொண்டிருந்தேன். நாங்க நிக்கிறோம், நாங்க நிக்கிறோம்... அந்தக் குரல்.

சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்துப் பேருந்து வந்தது. ஓர் இளைஞர் படியிலிருந்து குதித்தார். “டயரு வெடிச்சிருச்சு சார், விக்கிரவாண்டிக்கிட்ட. கோவிச்சுக்காதிய” என்று உறையை நீட்டினார். நான் பையை நீட்டினேன்.

“இது நூர்தீனுடையது. எப்படியாவது அவரிடம்...”

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “இல்ல சார். அவரு என்ன குடுத்தாலும் வாங்கிட்டு வராதேண்டு காக்கா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.”

நடத்துநர் விசிலடித்தார். பேருந்து போய்விட்டது.

தேநீர்க் கடையின் விளக்கு வெளிச்சத்தில் உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரு தாள். ஒரே ஒரு வரி. நான் அவருக்குச் சொன்ன அதே எழுத்துத் தமிழில், ஒரு சொல்கூட மாறாமல்:

“கோப்பில் இருக்கிறது. பார்த்துச் சொல்கிறேன்.”

அங்கியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். ஓய்வுக்குப் பிறகும் தபால் பதிவேடு வைத்திருப்பவன் நான், எடுத்துப் பிரித்தேன். அனுப்புநர்: நூர்தீன், அப்பாசியா, குவைத். பொருள் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தையும் விட்டேன். அதற்குமேல் நிரப்ப முடிந்தது கடைசிக் கட்டம் ஒன்றுதான்.

பதில் பெற்ற நாள்: 21 மார்ச் 1999.